‘படு’ படுத்தும் பாடு

மருத்துவக் கட்டுரை எழுதப் பழகுகிறவர்களிடம் பலர் முதலில் சொல்வது, ‘நான்’, ‘நாங்கள்’ எல்லாவற்றையும் எடுத்துவிடு என்பதுதான். ‘ரத்தம் எடுத்தோம்’ என்றால் சிவப்பு மை விழும். ‘ரத்தம் எடுக்கப்பட்டது’ என்றால் அறிவியல் ஆகிவிடும். யார் எடுத்தார்? ஊசிக்கே வெளிச்சம்.

இதற்குப் புறவயம் என்று பெயர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1953இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவின் வடிவத்தை ‘நேச்சர்’ இதழில் அறிவித்த கட்டுரை ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ‘நாங்கள்’ என்றுதான் தொடங்குகிறது. (ரோசலிண்ட் பிராங்க்ளினுக்குக் கடைசியில் ஒரு நன்றியோடு முடித்துக்கொண்டது வேறு வழக்கு.) 1963இல் பீட்டர் மெடவார், அறிவியல் கட்டுரையே ஒரு மோசடியா என்று பிபிசி வானொலியில் கேட்டார். தரவு பொய் என்பதல்ல அவர் குற்றச்சாட்டு. சிந்தனை நடந்த வழியைக் கட்டுரையின் வடிவம் மறைக்கிறது என்பது.

மறைவது சிந்தனை மட்டுமா? ஆங்கில மருத்துவக் குறிப்புகளைப் பாருங்கள். வலி இல்லை என்று சொன்ன நோயாளி வலியை ‘மறுக்கிறார்’. மருந்து வேலை செய்யாவிட்டால் நோயாளிதான் சிகிச்சையில் ‘தோற்கிறார்’. பழியேற்கும் இடத்தில் மட்டும் எழுவாய் தட்டாமல் வந்துவிடுகிறது.

தமிழுக்கும் இது தொற்றிவிட்டது. நம் ஊர்க் கிளினிக்குகளில் கிடைக்கும் தமிழ்த் துண்டறிக்கைகள் இந்த ரகத்தில்தான் பேசுகின்றன: ‘உணவிற்கு முன்பாக உட்கொள்ளப்பட வேண்டும். பக்கவிளைவுகள் ஏற்படும் பட்சத்தில் மருத்துவர் தொடர்புகொள்ளப்பட வேண்டும்.’ அதையே மருந்து கொடுக்கும் தாதி எப்படிச் சொல்வார்? “ஆண்ட்டி, பசியாறுறதுக்கு முன்னாடி ஒன்னு போடுங்க. தலை சுத்துனா உடனே எங்களுக்குப் போன் பண்ணுங்க.” யார், எப்போது, என்ன செய்ய வேண்டும், எல்லாம் வந்துவிட்டது. தாதியிடம் இருக்கிற தமிழ் தாளில் ஏறும்போது ஏன் இப்படிக் கஞ்சி போட்டு விறைத்துக்கொள்கிறது?

செயப்பாட்டுவினையே வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் எடுத்தாலும் ஒரே ரத்தம்தான் என்கிற இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ‘மருந்து கூடுதல் அளவில் வழங்கப்பட்டது’ என்று ஓர் அறிக்கை சொன்னால், அங்கே யாரோ கைகழுவுகிறார்கள்.

நண்பர்கள் வரைவு அனுப்பினால், ஒவ்வொரு ‘பட்டது’வுக்குப் பக்கத்திலும் ‘யார்?’ என்று எழுதித் திருப்புகிறேன். சிலர் திருத்துகிறார்கள். சிலர் சண்டைக்கு வருகிறார்கள். ஒருவர் மட்டும், “அத எழுதுனா மேல விடமாட்டாங்க” என்றார்.