நன்றிக்கடன் யாருக்கு?

எங்க பக்கம், சங்கரன்கோவில் கரிசக்காட்டுல, களத்துமேட்டில் ஊர்த்தொழில் செய்கிறவர்களுக்கு அளந்து போடுகிற தானியத்துக்குச் ‘சுதந்திரம்’ என்று பேர். தோல் தைத்தவருக்கும் துணி வெளுத்தவருக்கும் சேர வேண்டிய பங்கு அது. உரிமை என்கிற அர்த்தம் சொல்லிலேயே இருக்கு. ஆனா வாங்குகிறவர் துண்டை இடுப்பில் கட்டிக்கிட்டு, குனிஞ்சு, கும்பிட்டுத்தான் வாங்கணும். கேள்வி கேட்டா ‘நன்றி கெட்ட பய’. கூலி எப்படிக் கருணையாச்சு?

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலை இந்தக் கேள்வியோடு திரும்பப் படிக்கலாம். ஆரோக்கியம் கேட்பது உழைத்த கூலி. கேட்கிற மொழியோ யாசகத்தின் மொழி. கொடுக்கிற கை அங்கே பறையர் குடியிருப்பின் கை. தலித்துக்குள் தலித்தை மோதவிடுகிற நாவல் என்று அன்றைக்கு நம்ம வட்டத்திலேயே கண்டனம் வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிரை வண்ணாரிடம் நாமும் விசுவாசம் எதிர்பார்த்தோமா, இல்லையா? இதுக்குப் பதில் சொல்லாமல் நாவலை ஏசுவது நேர்மையில்லை.

நாவலின் குறை வேறு இடத்தில். ஆரோக்கியத்தின் விசுவாசம் அவளுடைய சுபாவம் போலவே வந்துபோகிறது. பசி பழக்கிவிட்ட பழக்கம் அது என்பது அழுத்தமாக விழவில்லை. பிழைப்பு தேடி வெளியூர் போகிற மகனின் நியாயமும் தாயின் கண்ணீருக்குள் மங்கிப்போகுது.

இப்போ தன்னம்பிக்கைப் புத்தகங்களும் இதையே சொல்லித் தருகின்றன: கையில் காசில்லாத நாளிலும் இருப்பதுக்கு நன்றி சொல்லு, தினம் எழுதி வை. யாருக்கு நன்றி? ஏன் காசில்லை? அதைக் கேட்கச் சொல்லும் பக்கம் அதுல கிடையாது. 1976ஆம் வருசச் சட்டம் கொத்தடிமைகளின் கடனை ரத்து செய்தது. நன்றிக்கடனை ரத்து செய்ய எந்தச் சட்டமும் வரல. மானத்தை விற்று நன்றி காட்ட எவராலும் முடியாது என்கிற அயர்லாந்து தலைவர் ஒருவரின் கருத்தை அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் நினைவூட்டினார். பெருந்தலைவர்களுக்கே அந்த எல்லை என்றால் களத்து முதலாளிக்கு எதுக்கு விலக்கு?

நன்றியே வேண்டாம்னு சொல்லல. அடைமழையில் வேலையில்லாத நாளில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு படி கேப்பை கொண்டாந்து வைப்பா. அம்மா ‘நன்றி’ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவ வீட்டு அடுப்பு எரியாத அன்னைக்கு அதே படியை நிறைச்சு எங்கிட்ட கொடுத்தனுப்புவா. ரெண்டு பேரும் குனியல. இந்த நன்றியைத்தான் நாம எழுதணும்.