ரோடு போட்டா வேலை வருமா?

"ரோடு போட்டா வேலை வரும்"னு யார் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு, எத்தனை நாளைக்கு?

புதுசா ரோடு போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஜேசிபி, டிப்பர், தார்க்கலவை பரப்பும் பேவர், ரோலர். கூலியாட்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம். 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் இந்த வகை. 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் நேர் எதிராக வந்தது: ஒப்பந்தக்காரர் கூடாது என்றது, செலவில் 60 சதவீதத்தைக் கூலிக்கு ஒதுக்கச் சொன்னது. மிச்சம் 40ஐ வைத்து எவ்வளவு ஜல்லி, எவ்வளவு தார் வாங்க முடியும்? மண் சாலைக்குத்தான் அந்தக் கணக்கு சரிப்படும். மழை வந்தால் அதுவும் போச்சு.

ஆள் நிஜமாகவே தேவைப்படுவது பராமரிப்புக்கு. ஓரத்துப் புதரை வெட்டணும், வடிகால் தூர்வாரணும், குழி பெரிசாகுமுன் அடைக்கணும். வருஷம் பூரா வேலை.

தமிழ்நாடு இதைச் செய்தும் பார்த்தது. 1997இல் நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்களைச் சேர்த்தார்கள். 2002இல், அடுத்த ஆட்சியில், அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006இல் திரும்பக் கூப்பிட்டார்கள். நடுவில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் போராடியது பல வருஷம். (ரோடு அதே ரோடுதான், குழியும் அதே குழிதான்.)

பிறகு சில இடங்களில் பராமரிப்பையே ஐந்தாண்டு ஒப்பந்தமாகத் தனியாருக்கு விட்டார்கள். அதில் பணம் கொடுப்பது சாலையின் நிலையைப் பார்த்து. எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று பார்த்து அல்ல.