முறையும் ஒப்புரவும்: ஆன்கன்று வழக்கு மூன்று நூல்களில்

முறை என்னும் சொல்லும் ஒப்புரவு என்னும் சொல்லும் நம் மொழியில் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருவன. அரசன் செய்வது முறை. உலகத்தார் தம்முள் ஒத்து வாழ்வது ஒப்புரவு. முன்னது நிகழின் பின்னது தானே அமையும் என்று பலரும் கருதுவர். இலக்கியங்கள் அங்ஙனம் எளிதிற் கூறிவிடவில்லை. அவ்விரண்டும் தம்முள் மோதும் இடங்களிலேயே நூலாசிரியர்தம் உள்ளம் தெளிவுறப் புலனாகின்றது. இதனை ஆராய்தற்கு யாம் எடுத்துக்கொண்டது, கன்றிழந்த பசுவின் பொருட்டுத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் கதையாகும். சிலப்பதிகாரம், மகாவமிசம், பெரியபுராணம் என்னும் மூன்று நூல்களும் இக்கதையைக் கூறுகின்றன. சமயத்தாலும் நாட்டாலும் வேறுபட்ட இம்மூன்றும் ஒரு பசுவின் கண்ணீரை ஒருங்கே நினைவிற் கொண்டமை வியப்பிற்குரியது. எனினும் அவை ஒருபடித்தாகக் கூறவில்லை.

சிலம்பில் இக்கதை சில அடிகளில் முடிந்துவிடுகின்றது. வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியன்முன் நின்று தன் ஊரின் பெருமை கூறுங்கால் இதனைக் குறிப்பிடுகின்றாள். மணி, பசுவின் கண்ணீர், மகனின் சாவு ஆகிய இவையே உள்ளன. கன்று மீண்டெழவில்லை, மைந்தனும் மீளவில்லை. ஈண்டு இக்கதை புகழுரை அன்று. வழக்காடுபவள் கையிலுள்ள சான்று. எம்மூர் மன்னன் விலங்குக்குச் செய்ததை நும்மூர் மன்னன் மாந்தர்க்கும் செய்திலன் என்பதே அதன் உட்கிடை. பாண்டியன் தன் பிழை உணர்ந்து உயிர் நீத்தபின்னும் மதுரை எரிகின்றது. முறை மீண்டது, ஊர் அமைதி மீளவில்லை. அதற்கு வஞ்சிக் காண்டம் முழுதும் வேண்டியதாயிற்று.

மகாவமிசத்தின் கூற்று இதனினும் ஆராயத்தக்கது. பாலி மொழியில் அமைந்த இந்நூலைக் கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டினதாகக் கொள்வர். இதன் 21-ஆம் அதிகாரம், சோழநாட்டினின்றும் வந்து அனுராதபுரத்தைக் கைக்கொண்டு 44 ஆண்டு ஆண்ட எல்லாளன் என்னும் தமிழனைப் பற்றிக் கூறுகின்றது. அவன் பௌத்தன் அல்லன். நூலாசிரியரோ பௌத்தத் துறவி. அங்ஙனமிருந்தும் வழக்குகளில் நண்பர் பகைவர் என்னும் வேறுபாடின்றி அவன் முறைசெய்தான் என்று அவர் எழுதுகின்றார். திசவாவியை நோக்கித் தேரூர்ந்த இளவரசன் தாயோடு கிடந்த கன்றைக் கொன்றதும், பசு மணியை அசைத்ததும், அரசன் அதே தேர்க்காலால் மகனின் தலையைத் துணிவித்ததும் அங்கே கூறப்படுகின்றன. பகைவனின் நடுவுநிலையைப் பகைவர் நூலே பாதுகாத்துத் தந்ததற்கு உலக இலக்கியத்தில் இதற்கு நிகரான சான்றுகள் மிகுதியாக இல்லை என்றே யாம் கருதுகின்றோம்.

அதே அதிகாரத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒருமுறை எல்லாளனின் தேர் தூபியொன்றில் மோதி அதனைச் சிதைத்தது. அவன் உடனே கீழிறங்கித் தன் தலையையும் தேர்க்காலால் துணிக்குமாறு கூறினான். எம் ஆசான் பிறர்க்குத் தீங்கு விரும்பாதவர். தூபியைச் செப்பம் செய்து பொறை வேண்டுக என்றனர் அமைச்சர். அவன் அதற்கு உடன்பட்டான். பெயர்ந்த கற்கள் பதினைந்தே; அவற்றை மீண்டும் வைத்தற்குப் 15,000 காணம் செலவிட்டான் என்பது நூற்செய்தி. மகன் வழக்கில் அழித்தலே முறையாயிற்று. தூபி வழக்கில் திருத்திக் கொடுத்தலே முறையாயிற்று. இரண்டனுள் பின்னதே வேற்றுச் சமயத்தார் இருவரை ஓரூரில் வாழவைக்க வல்லது. இவ்விரு செய்திகளையும் ஒருங்கே வைத்துப் படிப்போர் அரியர். மணியின் ஓசை தூபியின் செய்தியை மறைத்துவிட்டது போலும்.

ஆயினும் இந்நூலின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் திறனாய்வுக்கு முறையன்று. 25-ஆம் அதிகாரத்தில் துட்டகாமணி எல்லாளனைப் போரிற் கொல்கின்றான்; வீழ்ந்த இடத்திலேயே அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி வழிபாடும் செய்விக்கின்றான்; அவ்வழிச் செல்லும் இலங்கை மன்னர் தம் இன்னியங்களை நிறுத்துவர் என்றும் நூல் கூறுகின்றது. இஃது உயர்ந்த பண்பே. ஆனால் அதன்பின், போரில் மாண்டவரை நினைந்து வருந்திய அவ்வரசனைத் தேற்ற வந்த அறவோர், இறந்தவர் ஒன்றரை மனிதரே என்கின்றனர். ஒருவர் சரணம் புகுந்தவர், மற்றவர் ஐந்து சீலம் ஏற்றவர். ஏனையோர் விலங்குக்கு நிகராவர் என்பது அவர் கணக்கு. கன்றின் உயிரை இளவரசன் உயிரோடு ஒப்ப வைத்த செய்தியைப் போற்றிய நூலே, நான்கு அதிகாரம் கடந்தபின் மாந்தரை விலங்கோடு ஒப்ப வைக்கின்றது. முறை யார்யார்க்கு உரியது என்னும் எல்லை சுருங்குமிடத்து ஒப்புரவும் அங்கேயே முடிந்துபோகின்றது. இருபதாம் நூற்றாண்டின் ஈழ வரலாறு அறிந்தோர்க்கு இப்பகுதி வெறும் பழங்கதையாகத் தோன்றாது.

இனிச் சேக்கிழாரிடம் வருவோம். திருவாரூர்த் திருநகரச் சிறப்பில் இக்கதை விரிந்து நிற்கின்றது. அமைச்சர் அரசனிடம் ஆன்கொலைக்கு மறைநூலார் விதித்த கழுவாய் உண்டு என்கின்றனர். அரசன் அதனை ஏலான். அக்கழுவாய் கன்றிழந்து கதறும் பசுவின் நோய்க்கு மருந்தாகுமோ என்பது அவன் வினா. பிறன் ஒருவன் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் கழுவாய் தேடுவேன் என்றால் உலகம் நகாதோ என்பது அடுத்த வினா. இவற்றுள் முதல் வினாவையே யாம் உயிரெனக் கருதுகின்றோம். வழக்கின் தீர்வை அளத்தற்குரிய கோல் நூல்விதி அன்று, அவையோர் அமைதியும் அன்று. முறையிட்டவளின் நோயே அக்கோல்.

எனினும் சேக்கிழார் இம்முறையின் கொடுமையையும் மறைக்கவில்லை. கன்று எதிர்பாராது தேரின்கீழ்ப் புகுந்ததாகவே அவர் பாடுகின்றார். மைந்தனிடம் தீய எண்ணம் இல்லை. மகன்மேல் தேர் செலுத்துமாறு ஏவப்பட்ட அமைச்சன் அது செய்யமாட்டாது தன்னுயிர் துறக்கின்றான். குற்றமற்ற ஓருயிர் இடையில் வீணாயிற்று. சிறுவர்க்குச் சொல்லும் கதையில் இவ்வமைச்சன் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றான். அவன் போனபின் கதை எளிதாகின்றது, உண்மை குறைகின்றது. இறுதியில் இறையருளால் மைந்தனும் அமைச்சனும் கன்றும் எழுகின்றனர். கன்று பால் உண்ணப் பசுவின் துயரும் தீர்கின்றது. அருட்செயலாதலின் இதனை ஆராயவேண்டா என்பர் சிலர். எமக்கு அது உடன்பாடன்று. வழக்கின் முடிவில் பசுவை மறவாது மீண்டும் பாடியவர் மூவருள் சேக்கிழார் ஒருவரே. தேர்க்கால் உருண்டதோடு வழக்கு முடிந்தது என்று அவர் கருதவில்லை.

சீனநாட்டில் இதற்கு நேர்மாறான கருத்து ஒன்று நிலவியது. தந்தை ஆடு திருடியபோது அவனுக்கு எதிராகச் சான்று கூறிய மகனை ஒரு சிற்றரசன் நேர்மையாளன் எனப் புகழ, எம் நாட்டில் மகன் குற்றத்தைத் தந்தையும் தந்தை குற்றத்தை மகனும் மறைப்பர், நேர்மை அதனுள்ளே உள்ளது என்றார் கன்பூசியசு. குடும்பம் குலையின் நாடு குலையும் என்பது அவர் அச்சம். பரிமேலழகர் இவ்வச்சத்தை அறிந்தவரே. நடுவு நிலைமை அதிகாரம் செய்ந்நன்றி அறிதலின்பின் வைக்கப்பட்டமைக்குக் காரணம் கூறுங்கால், நன்றி செய்தார்மாட்டு அந்நன்றியை நினைந்தவழியும் நடுவுநிலை சிதையலாகாது என்கின்றார். பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்றிடத்தும் ஒப்ப நிற்றலே அவர் கொண்ட பொருள். அந்நொதுமல் என்னும் சொல் கருதத்தக்கது. உறவும் பகையும் அல்லாத அயலாரை வழக்கில் மறப்பது எளிது.

யாம் வாழும் திருவண்ணாமலையில் தந்தை மகன் உறவு மற்றொரு வகையாக நினைக்கப்படுகின்றது. 14-ஆம் நூற்றாண்டில் இந்நகரைத் தலைநகராகக் கொண்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது அருணாசல புராணக் கதை. மாசி மகத்தன்று இறைவன் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அம்மன்னனுக்கு மகன்முறைக் கடன் ஆற்றும் வழக்கம் உண்டு. கன்னட நாட்டு மரபினன் ஒருவன் தமிழ்நாட்டுக் கோயிலின் உறவினனாகிவிட்டான். உறவினர்க்கு மட்டும் உரியதாகக் கன்பூசியசு எண்ணிய பரிவு ஈண்டு அயலானுக்கும் சென்றது. அப்புராணத்துள் இளைய அரசியை அடியார்க்கு ஈயும் பகுதியில் அவள் முறை வினவப்படவே இல்லை என்பதும் எமக்கு உறுத்தலாகவே உள்ளது.

இம்மாவட்டத்தின் அண்மைக்கால நிகழ்ச்சியொன்று இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானதன்று. தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில் அறநிலையத் துறைக்குட்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுள் பட்டியலினத்தார் பல பத்தாண்டுகளாக நுழையவிடப்படவில்லை. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. தென்முடியனூரில் அவர்கள் உட்சென்று வழிபட்டது 2023 சனவரி 30-இல். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பெருங்காவலோடு உடன் சென்றனர். அதற்குமுன் இருதரப்பாரிடமும் அமைதிப் பேச்சு நடந்தது, எதிர்ப்பாரும் கூடினர். ஊர் ஒற்றுமை கெட்டது என்று அன்று வருந்தியோர் உளர். அவ்வொற்றுமையின் கணக்கில் வாயிலுக்கு வெளியே நின்றவர் எண்ணப்பட்டனரா என்று கேட்டல் தகும். ஒன்றரை மனிதர் எனக் கணக்கிட்டவர்க்கும் அவர்க்கும் இடையே தூரம் மிகுதியன்று. அந்த 76 ஆண்டும் அங்கு நிலவியது கழுவாய் கூறிய அமைச்சரின் அமைதியே.

மாவட்ட ஆட்சியர் ஊர்தோறும் சென்று குறைகேட்கும் நாளுக்கு இன்றும் மனுநீதி நாள் என்றே பெயர். அதே 2023-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் இம்மாவட்டத்துச் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலுள்ளும் பட்டியலினத்தார் சென்று வழிபட்டனர்; அங்கும் காவலர் உடனிருக்க வேண்டியிருந்தது.