பூம்பாவை வரலாறும் ஆவியழைப்பும்

திருமயிலையில் என்பாய்க் குடத்திலிருந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் எழுப்பியருளியதனை, ஆவியழைக்கும் மந்திரச் சடங்கிற்கு முன்மாதிரி என்பாருமுளர். அது பொருந்தாது.

ஆனைக்குட்டம் உள்ளிட்ட தென்பாண்டிப் பகுதியில் கோடாங்கி உடுக்கடித்து இறந்தாரைத் தன் வாயாற் பேசுவிப்பதாகக் கூறுவன். அமெரிக்காவில் 1848-இல் பாக்ஸ் சகோதரியர் ஆவிகள் தட்டொலியால் விடையளிப்பதாகக் காட்டினர். அது தம் கால்விரல் மூட்டின் ஒலியேயென அவருள் ஒருவர் 1888-இல் மேடையிற் செய்துகாட்டினர். ஈரிடத்தும் இறந்தார் வினாவப்படுகின்றனர்.

பூம்பாவைத் திருப்பதிகத்திலோ அவள்பால் மறைபொருள் ஒன்றும் கேட்கப்படவில்லை. கபாலீச்சரத்து ஓணம், ஆதிரை, பூசம் முதலிய விழாக்களைக் காணவே அழைக்கப்படுகின்றாள். பிறர்மேல் ஏறிப் பேசாது தன்னுருவோடு எழுந்தாள் என்பதே சேக்கிழார் கூறும் வரலாறு.

மேலும், உயிர் கருவிகளோடு கூடியே அறிவது என்பது சித்தாந்தத் துணிபு. பருவுடல் நீங்கி வினைவழிச் செல்லும் உயிர் முக்காலமும் அறியுமாறு எங்ஙனம்? முற்றறிவு இறைவற்கே உரித்து.

வெடிவிபத்தில் மக்களை இழந்து, விடைபெறாமலே பிரிந்தாரின் ஒரு சொல்லுக்கு ஏங்கும் சிவகாசி வட்டாரத்துப் பெற்றோர் நிலை இரங்கத்தக்கதே. எனினும் உடுக்கொலியிற் கேட்பது பிறர் சொல்லேயாம். பிரிந்த உயிர்க்கும் இருக்கும் நமக்கும் புகல் ஒருவனே என்னும் தெளிவே ஆறுதலாம். அன்பர்கள் உய்த்துணர்க.