துடுப்பு யார் கையில்?

அக்கா மகனும் கூட்டாளிகள் நாலு பேரும் ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் போகிறார்கள். பாப்பாரப்பட்டி டீக்கடை பெஞ்சில் நோட்டுத் தாளை விரித்துக் கணக்குக் காட்டினான். ரயில், ரூம், சாப்பாடு. கடைசியில் "ஸ்னோ பைக் வாடகை, நாமே ஓட்டுறது" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. "அங்க வண்டிக்காரன் முன்னால உக்காந்துக்குவானாம் மாமா. நாம பின்னால மூட்டை மாதிரி. அதுக்கு எதுக்குக் காசு?"

வண்டியைப் பொறுத்தவரை நான் அவன் கட்சிதான். கியர் மாற்றும் தொல்லை இல்லை. வலது கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சுழலும் பட்டை. பல்சர் ஓட்டுகிறவனுக்குச் சமதளத்தில் அரை மணி நேரப் பழக்கம் போதும். சரிவில் கவிழ்ந்தால்தான் கதை வேறு. கால் டன் எடையைத் தனி ஆளாய் நிமிர்த்த முடியாது.

சிக்கல் வண்டியில் இல்லை, தரையில் இருக்கிறது. வத்தல்மலை ஏறும்போது ஆபத்து கொண்டை ஊசி வளைவில் கண்ணெதிரே நிற்கும். பனிமலையில் அது அடியில் ஒளிந்திருக்கும். பழைய பனிமேல் புதுப்பனி ஒட்டாமல் உட்கார்ந்திருக்க, ஒரு வண்டியின் பாரமே அதைக் கழற்றிவிடும். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் இப்படி நடக்கும்; ஏறிப் பார்க்கலாமே என்று ஆசை காட்டுவதும் அதே சரிவுதான். புதைந்தவரை மீட்க முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. போலீஸ் வந்து சேர அது போதாது. கூட வந்தவன் கையில் மண்வெட்டியும், சமிக்ஞைக் கருவியும், அவற்றைக் கையாளும் பழக்கமும் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாளில் இதில் எதற்கும் ஒரு வரி இல்லை.

வழிகாட்டி இருந்தால் எல்லாம் சரியா? அதுவும் இல்லை. 2023 பிப்ரவரி 1 அன்று குல்மார்க்கின் அபர்வத் சிகரப் பக்கம் பனிச்சரிவு இறங்கியபோது, சறுக்க வந்தவர்களோடு உள்ளூர் வழிகாட்டிகள் இருந்தார்கள். ஆனாலும் போலந்துக்காரர் இருவர் இறந்தார்கள். போதாக்குறைக்கு, சவாரிக்குச் சவாரி காசு பார்ப்பவனுக்கு "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்வதில் நட்டம் உண்டு. இதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ஆபத்தான இடத்தில் ஓட்டத் தெரிந்தவனை நம்பிப் போவது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? பென்னாகரம் தாண்டினால் ஒகேனக்கல். அங்கே பரிசலை வாடகைக்குக் கொடு, நானே துடுப்புப் போடுகிறேன் என்று எவனும் கேட்பதில்லை. முடிவைப் பரிசல்காரர் தலையிலும் கட்டுவதில்லை. பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் தடை போடும். அன்றைக்குப் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடக்கும். அளக்க ஓர் இடம், தடுக்க ஓர் அதிகாரம், ஓட்டத் தெரிந்த ஒரு கை. பனிமலைக்கு அந்த முதல் வேலையைச் சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிட்டுச் செய்கிறது. அதைப் படிப்பது பயணியின் பொறுப்பு.

தனியாக ஓட்டவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 2014 டிசம்பர் முதல் வழிகாட்டி இல்லாமலும் விடுகிறார்கள்: குலுக்கல் முறை, வாசலுக்கு நாளொன்றுக்கு ஒரே குழு, அதிகபட்சம் ஐந்து வண்டி, போகுமுன் பயிற்சிப் பாடம் முடித்திருக்க வேண்டும். அதுவும் போட்டு வைத்த பாதையில் மட்டும். சுதந்திரத்துக்கு அங்கே பரீட்சை உண்டு; இவன் கேட்பது பரீட்சை இல்லாத சுதந்திரம்.

ஆகவே என் தீர்ப்பு: குல்மார்க்கில் வண்டிக்காரனோடு போகட்டும். சமதளத்தில் அவன் சம்மதித்தால் கட்டைவிரலை இவன் வைத்துக்கொள்ளட்டும். சரிவுப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஜனவரியையும் பிப்ரவரிக்குத் தள்ளச் சொன்னேன். 2024-இல் ஜனவரி பாதி தாண்டியும் குல்மார்க் மைதானம் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தது.

தேதியை உடனே மாற்றி எழுதினான். அந்த இரண்டு கோட்டை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.