நிற்கும் உடலும் நிமிர்த்தி வைத்த இதயமும்

நேராக நிற்கும் உடல். முகமும் பாதங்களும் முன்னோக்கி. கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்னே பார்க்க. யாரும் இயல்பாக இப்படி நிற்பதில்லை. உள்ளங்கையைத் திருப்பியபடி சற்று நேரம் நின்றாலே கை கடுத்துவிடும். உடற்கூறியலின் திசைச்சொற்கள் பெரும்பாலும் இந்தச் செயற்கை நிலையைத்தான் நம்பியிருக்கின்றன. நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும் அவருடைய மார்பு 'ஆன்டீரியர்', அதாவது முன்புறம். தலைகீழாகத் தொங்கினாலும் மூக்கு வாய்க்குச் 'சுப்பீரியர்', அதாவது மேலே. இந்தச் செயற்கைத்தனத்தை முதலாண்டு மாணவர்கள் கேலி செய்வதுண்டு. இந்த முறையின் முதல் தகுதியே அதுதான் என்பது என் மதிப்பீடு. உண்மையான உடல்கள் ஆயிரம் விதமாகக் கிடக்கும். அளவுகோல் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

ஒரு காயக் குறிப்பை வைத்துச் சோதிக்கலாம். 'மணிக்கட்டுக்கு மேலே ஒரு வெட்டு' என்று எழுதினால், கையைத் தொங்கவிட்டு நிற்பவருக்கு அது முழங்கைப் பக்கம். அரிவாளைத் தடுக்கக் கையை உயர்த்தியவருக்கு விரல் பக்கம். 'புராக்ஸிமல்' என்ற சொல்லில் அந்தக் குழப்பம் கிடையாது. உடலோடு கை சேரும் இடத்துக்கு அருகில் என்பது அதன் பொருள். கையை எப்படி வைத்தாலும் அது முழங்கைப் பக்கம்தான். 'இடது முன்கை, உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து புராக்ஸிமலாக 4 செ.மீ., அல்னா எலும்பின் ஓரம்' என்ற ஒரு வரி போதும். நோயாளியைப் பார்த்தே இராத அறுவை மருத்துவரும், நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரும் ஒரே இடத்தில் விரல் வைப்பார்கள்.

ஆனால் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே தரமல்ல. சில, உடல் நிற்கும் நிலையிலிருந்து பிறந்தவை: ஆன்டீரியர், போஸ்டீரியர், நடுக்கோட்டுப் பக்கத்தைச் சுட்டும் மீடியல், வெளிப்பக்கத்தைச் சுட்டும் லேட்டரல். வேறு சில, உறுப்பையே அடையாளமாகக் கொண்டவை. முன்கையைப் பாருங்கள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் எலும்பு அல்னாவின் குறுக்கே புரண்டு வர, கட்டைவிரல் உடலின் பக்கம் திரும்பிவிடுகிறது. விதிப்படி அது அப்போதும் லேட்டரல்தான். படிப்பவர் மனத்தில் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ரேடியல்', அதாவது ரேடியஸ் எலும்பின் பக்கம், என்றால் அந்தத் திருப்பல் தேவையில்லை. கண் மருத்துவர் மூக்குப் பக்கம், பொட்டுப் பக்கம் என்று பிரிப்பதும் இதே அறிவு. பல் மருத்துவரின் 'டிஸ்டல்' இன்னும் நுட்பமானது. பல்வரிசை வளைவதால் முன்பல்லின் பக்க ஓரமும் கடைவாய்ப்பல்லின் பின் ஓரமும் வேறு வேறு திசையைப் பார்க்கின்றன. வரிசையின் நடுவிலிருந்து விலகிய ஓரம் என்று வரையறுத்து, இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். இரு வகையில் உறுப்பைச் சார்ந்த வகையே மேல்.

1895-இல் உடற்கூறியல் சொற்களை வகுத்த பாசல் பெயர்ப்பட்டியல் நிற்கும் மனிதனை ஏற்றது. 1935-இல் யேனா பட்டியல் அதை மாற்றி, நாலுகால் விலங்குக்கும் பொருந்தும்படி வென்ட்ரல், டார்சல், கிரேனியல், காடல் என்று எழுதியது: வயிற்றுப்புறம், முதுகுப்புறம், தலைப்பக்கம், வால்பக்கம். 1955-இல் பாரிஸ் பட்டியல் பாசலின் வழிக்கே திரும்பியது. உள்ளொருமை யேனாவிடம்தான் கூடுதல். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே விதி என்பதில் ஓர் அழகும் உண்டு. ஆயினும் பாரிஸின் முடிவே சரி. மனித மருத்துவம் நிமிர்ந்து நிற்கும் உடலைத்தான் கையாள்கிறது. கால்நடை மருத்துவர்கள் தங்களுக்குப் பொருந்தியதை வைத்துக்கொண்டார்கள், யாருக்கும் நட்டமில்லை.

மூளையைக் காட்டி இந்த முறையைக் குறைசொல்பவர்கள் உண்டு. தண்டுவடத்தில் டார்சல் என்றால் பின்னே, பெருமூளையில் மேலே. இது முரண்தானே என்பார்கள். அல்ல. நரம்புக்குழாய் கருவிலேயே முன்னோக்கி வளைந்துவிடுகிறது. சொற்கள் அந்த அச்சோடு சேர்ந்து வளைகின்றன. கற்பதற்குக் கடினம், விதிக்குள் ஒழுங்கு. புறங்காலை டார்சம் என்பதும் அப்படிப்பட்டதே.

உண்மையான குற்றம் இதயத்தில் இருக்கிறது. மார்புக்குள் இதயம் சாய்ந்து கிடக்கிறது. அதன் நுனி இடம், முன், கீழ் என மூன்று பக்கமும் ஒருசேரச் சாய்ந்தது. வலது கீழறை பெரும்பாலும் முன்னால், மார்பெலும்புக்குப் பின்னே. இடது மேலறை முதுகுப் பக்கம், உணவுக்குழாயை ஒட்டி. வலது, இடது என்ற பெயர்கள் பாதி உண்மை என்று இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. பிணக்கூறு மேசையில் இதயத்தை வெளியே எடுத்து நுனியில் நிறுத்தி, வாழ்த்து அட்டையில் வரைகிற இதயச் சின்னம்போல வைத்துப் பெயரிட்டார்கள். உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கும் கீழ்ப்பரப்பு அப்போது பின்பரப்பு ஆகிவிட்டது. அதில் ஓடும் தமனிக்குப் 'போஸ்டீரியர்' என்று பெயர். பெரும்பாலோரிடம் வலது கொரோனரித் தமனியிலிருந்து கிளைக்கும் அது அடைபட்டால், இசிஜியின் 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் மாற்றம் தெரியும்; அதைப் படிக்கும் மருத்துவர் 'இன்ஃபீரியர்' மாரடைப்பு என்று எழுதுவார். குழாய் பின்னே, அது ஊட்டும் தசை கீழே! ஒரே இடத்துக்கு ஒரே கோப்பில் இரண்டு திசைகள். நிற்கும் உடலே அளவுகோல் என்ற அடிப்படை விதியை உடலுக்குள் இருக்கும் ஓர் உறுப்பே மீறுகிறது. இது முறையின் குறையல்ல, அதைக் கையாண்டவர்களின் ஒழுங்கின்மை. வாலஸ் மக்கால்பைன் 1975-இலேயே தம் நூலில் இதயத்தை அதன் இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். இதய உடற்கூறியலாளர் ராபர்ட் ஆண்டர்சன் அதையே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். 1998-இல் வந்த பன்னாட்டுப் பெயர்ப்பட்டியல் அந்தத் தமனியை 'போஸ்டீரியர்' என்றே வைத்திருந்தது.

வலம், இடம் பற்றிச் சுருக்கமாக. அவை நோயாளியுடையவை என்ற விதியில் ஐயமில்லை. எதிரே நிற்கும் கண்தான் தடுமாறுகிறது. எக்ஸ்ரே படத்தின் ஓரத்தில் ஈய எழுத்து வைப்பதும், உலக சுகாதார நிறுவனத்தின் 2008 அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் கத்தி வைக்கும் இடத்தில் குறியிட்டாயிற்றா என்று கேட்பதும், சொல் மட்டும் போதாது என்ற ஒப்புதல்தான். இங்கே முறை தன் எல்லையைத் தொடுகிறது.

ஆகவே தீர்ப்பு இது: அடிப்படை நிலை அப்படியே நிற்கட்டும்; கைகால்களில் உறுப்பைச் சார்ந்த சொற்களுக்கு முன்னுரிமை வேண்டும்; இதயத்தின் பெயர்களைத் திருத்தியாக வேண்டும். பழைய ஆவணங்கள் குழம்பும், மாணவர்கள் இரு பெயர்களைச் சுமக்க நேரும் என்ற தடை வலுவற்றதல்ல. ஆனால் 1999-இல் இதய மின்னியக்க மருத்துவர்களின் ஐரோப்பிய, வட அமெரிக்க அமைப்புகள் மேலறை–கீழறைச் சந்திப்பின் பெயர்களை, உயிருள்ள உடலில் இதயம் கிடக்கும் நிலைக்கேற்ப மாற்றி எழுதின. திரையில் வடிகுழாய் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே 'பின்னே போகிறது' என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. அவர்கள் செய்ததைப் பெயர்ப்பட்டியல் குழுவும் செய்யலாம். அந்தத் தமனியிலிருந்தே தொடங்கலாம்.