வெளியே வந்த படிக்கட்டு

மாண்ட்ரியாலில், பிளாட்டோ மோன்-ரோயால் பகுதியின் ஃபாப்ர் தெருவில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது படிக்கட்டுதான். வீடு அதற்குப் பின்னால்தான் தெரியும். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் மூன்றடுக்கு வீடுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் இரும்புப் படிக்கட்டு நடைபாதையோரத்தில் கிளம்பி, வெட்டவெளியிலேயே வளைந்து முதல் மாடிக்கு ஏறுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும் ஊரில், மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் ஊரில், படியை யாராவது வெளியே வைப்பார்களா? வைத்தார்கள். அதற்கு வலுவான காரணம் இருந்தது. கனடாவின் மிக அழகான தெருக்கள் அந்தக் காரணத்திலிருந்து பிறந்தவை என்பது என் கட்சி.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சாலை வேலை தேடிக் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் இந்த நகரத்துக்கு வந்து குவிந்தன. மனைகள் குறுகலானவை, பெரும்பாலும் 25 அடி அகலம். அதில் தளத்துக்கு ஒன்றாக மூன்று குடித்தனம் வைத்துக் கட்டினார்கள். ட்ரிப்ளெக்ஸ் என்று இன்றும் இதற்குப் பெயர். வீட்டுக்கு முன்னால் சில அடி காலியாக விடவேண்டும் என்று பல தெருக்களில் விதி இருந்தது. படியை உள்ளே வைத்தால் குடியிருக்கும் இடம் குறையும், யாருக்கும் சொந்தமில்லாத நடையையும் கரி போட்டுச் சூடாக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் முன்னிடத்தில் படியை இறக்கிவிட்டால் இரண்டு செலவும் மிச்சம். பல குடும்பங்கள் ஒரே நடையில் புழங்குவதைத் தேவாலயம் விரும்பவில்லை, அதனால்தான் படி வெளியே வந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. எனக்குச் சிக்கனக் கணக்கே போதுமானதாகப் படுகிறது.

இனி வளைவுக்கு வருவோம். ஒரு மாடி உயரத்துக்கு நேராக ஏறுவதென்றால் படிக்கு நீளம் வேண்டும். அந்தச் சில அடி முன்னிடத்தில் அவ்வளவு நீளம் கிடைக்காது. அதனால் கொல்லர்கள் படியை வளைத்தார்கள். சில இடங்களில் பாதியில் திரும்புகிறது. சில இடங்களில் நெளிந்து மறுபக்கம் போகிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் படிகள் எதிரெதிராகக் கிளம்பி, மேலே ஒரே பால்கனியில் சேர்வதும் உண்டு. இடம் பற்றாமல் வந்த வளைவுதான், ஆனாலும் அதில் அவசரம் தெரிவதில்லை.

கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் தாங்கும் இரும்புச் சட்டம் விரலளவு கனம் இருந்தால் அதிகம். மிதிக்கும் பலகை பெரும்பாலும் மரம், சாம்பல் வண்ணமோ வீட்டுக்காரர் விருப்பப்படி வேறு வண்ணமோ பூசியது. வளையும் இடத்தில் பலகை உள்பக்கம் ஒடுங்கி வெளிப்பக்கம் விரிகிறது, கால் தானாக அகலமான ஓரத்துக்குப் போய்விடும். படிக்கும் படிக்கும் நடுவே அடைப்பு கிடையாது. பனி அந்த இடைவெளி வழியாகக் கீழே விழுந்துவிட வேண்டும், தேங்கக் கூடாது. கீழிருந்து பார்த்தால் இதே இடைவெளியில் வெயில் கோடு கோடாக இறங்கிச் சுவரில் படிகிறது. கைப்பிடிக் கிராதியில் கம்பிகள் நேராகவே போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒன்று சுருண்டு இலைக்கொழுந்தாகும். வாடகை வீட்டுக்கு அந்தச் சுருள் தேவையே இல்லை. கூலிக்கு அடித்தவன் சுருட்டியிருக்கிறான்.

ஏறி முடித்ததும் கதவுகளைப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு. ஒன்று முதல் மாடி வீட்டின் வாசல். மற்றதைத் திறந்தால் செங்குத்தான உள்படி ஒன்று நேராக இரண்டாம் மாடிக்குப் போகிறது. மூன்று குடித்தனத்துக்கும் தெருவைப் பார்த்த தனி வாசல், தனி கதவிலக்கம். எத்தனை எளிய குடும்பமானாலும் தன் கதவைத் தானே திறந்து நுழைந்தது. இந்த வீடுகளின் அமைப்பில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இந்தக் கண்ணியம்.

முகப்பு செங்கல்லாலோ சாம்பல் சுண்ணாம்புக் கல்லாலோ ஆனது. 1852இல் நகரில் பெரும் சேதம் விளைவித்த தீக்குப் பிறகு வெளிச்சுவரில் மரம் கூடாது என்றார்கள். ஆனால் பல வீடுகளில் அந்தச் செங்கல் ஒரு போர்வைதான், உள்ளே தடித்த மரப்பலகைகளை அடுக்கி எழுப்பிய சுவர் இருக்கிறது. சாம்பல் கல்லை இந்தப் பகுதியின் குவாரிகளிலிருந்தே வெட்டினார்கள். இன்று குழந்தைகள் விளையாடும் லோரியே பூங்காவும் ஒரு காலத்தில் கல் வெட்டிய பள்ளம்.

கூரை விளிம்பில் கிரீடம்போல் நிற்கும் வேலைப்பாடு பல வீடுகளில் தகரம். அச்சில் அழுத்தி எடுத்து, கல் என்று நினைக்கும்படி வண்ணமடித்தது. அதற்குப் பின்னால், தெருவிலிருந்து தெரியாத தட்டைக் கூரை நடுவை நோக்கிச் சரிகிறது. உருகும் பனி நடுவில் உள்ள குழாய் வழியாக வீட்டுக்குள்ளேயே இறங்குகிறது. வீட்டுச் சூட்டில் குழாய் உறையாது, தெருவில் போகிறவர் தலையிலும் பனி சரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இத்தனை யோசனை!

கோடையில் இந்தப் படிகளில்தான் வாழ்க்கை நடக்கிறது. நாவலாசிரியர் மிஷேல் ட்ராம்ப்ளே இதே ஃபாப்ர் தெருவில் வளர்ந்தவர், அவருடைய எழுத்தில் இந்தத் தெருவின் மனிதர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 1979இல் மேடையேறிய டேவிட் ஃபென்னாரியோவின் 'பால்கன்வில்' நாடகமும் தொழிலாளர் குடியிருப்பின் பால்கனிகளில்தான் நடக்கிறது. ஜூலை 1 இந்த ஊரில் வீடு மாறும் நாள். அன்று வளைந்த படியில் குளிர்பதனப் பெட்டியை ஏற்றும் நான்கு பேரைப் பார்த்தால், இந்த அழகுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று புரியும். மூட்டுவலிக்காரருக்கும் பனிக்காலத்தில் தபால் கொண்டுவருபவருக்கும் இந்தப் படி கருணை காட்டுவதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆபத்து, அவலட்சணம் என்று 1940களில் நகராட்சி புதிய வெளிப்படிகளுக்குத் தடை போட்டது. இன்று நிலைமை தலைகீழ். பழைய பகுதிகளில் படியை மாற்ற வேண்டுமானால் பழைய வடிவிலேயே செய்யச் சொல்கிறார்கள். நல்ல முடிவு.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏப்ரல் கடைசியில் போங்கள். பனி கரைந்திருக்கும், தெருவோர மரங்கள் இன்னும் இலை விட்டிருக்காது. மே பாதிக்குமேல் போனால் பாதிப் படிகள் இலைக்குப் பின்னால் மறைந்துவிடும்.